பன்னிரண்டு ரம்ப இழைகளும் ஒரு பேன் சீப்பும்

அந்த ரம்பத்தைப் பார்த்து முதலில் சிரித்தவள் நான்தான். ஜப்பான்காரன் வருகிறான் என்று கேள்விப்பட்டதும் எங்கள் ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை காரை எடுத்துக்கொண்டு சிங்கப்பூர்ப் பக்கம் ஓடிப்போனார். பங்களா கதவு திறந்து கிடந்தது. லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த ஜனம் அத்தனையும் போய்க் கைக்குக் கிடைத்ததை அள்ளிக்கொண்டு வந்தது. ஒருவர் மெத்தை கொண்டு வந்தார், ஒருவர் நாற்காலி, ஒருத்தி பீரோவை விட்டுவிட்டுக் கண்ணாடி பதித்த அதன் கதவை மட்டும் கழற்றிக்கொண்டு வந்தாள். என் அண்ணன் கொண்டு வந்தது ஒரு ரம்பம். வில் மாதிரி வளைந்த இரும்புச் சட்டம், அதற்கு ஒரு மரப் பிடி. கூடவே எண்ணெய்த் தாளில் சுற்றிய ஒரு டஜன் இழைகள். ரம்ப இழை என்று சொன்னால்தான் ரம்பம் என்று தெரியும், அவ்வளவு மெல்லிசு. பொழுது போகாத நேரத்தில் துரை அதை வைத்துப் பலகையில் பூவும் இலையும் வெட்டிக்கொண்டிருப்பாராம். "ஊரே மெத்தை தூக்கிட்டு வருது, நீ அம்பு இல்லாத வில்லைத் தூக்கிட்டு வர்றியே அண்ணே" என்றேன். அண்ணன் அதைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். ஒரு நாள்கூட அதை எடுத்து அறுத்ததில்லை. அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது எங்கள் தோட்டத்திலிருந்து போன முதல் லாரியிலேயே அண்ணனையும் ஏற்றிவிட்டார்கள். மூன்று மாத வேலை, சாப்பாடு உண்டு, துணி உண்டு என்றெல்லாம் எங்களை வேலை வாங்கும் மண்டோர் சொன்னார். லாரி கிளம்பும்போது அண்ணி ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றார். ஓடிய வேகத்தில் கொண்டை அவிழ்ந்து முடி முழங்கால் வரை விழுந்து கிடந்தது. அண்ணன் மேலேயிருந்து, "தலையை முடிஞ்சிக்க, காத்து அடிக்குது" என்றார். வேறு எதுவும் பேச நேரமில்லை. லாரி பெடாஸ் சாலையில் திரும்பி மறைந்தது.

அம்மா அப்பா இருவரும் முன்பே இறந்துபோய்விட்டார்கள். ஆக அந்த லயத்து வீட்டில் மிச்சம் நானும் அண்ணியும். நாத்தனார் என்றால் நாலு குறை சொல்வாள் என்பார்கள். நான் எட்டு சொன்னேன். அண்ணி சுவா பக்கத்துத் தோட்டத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர், என்னைவிட மூன்று வயது பெரியவர். வந்த நாளிலிருந்து எனக்கு அவருடைய முடி மேல் பொறாமை. எனக்கு இருந்தது எலி வால். அண்ணி தலை குளிக்கும் நாளில் பைப்படியில் மற்றவர்கள் குடத்தோடு காத்து நிற்க வேண்டும். "ரெண்டு வீட்டுத் தண்ணி ஒரு தலைக்கே போவுது" என்று அண்ணி காதில் விழும்படியே சொல்வேன். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. "உனக்கு அந்தக் கவலை இல்ல புள்ள, ஒரு செம்பு போதும்" என்பார்.

சோப்பு இல்லை, தேங்காய் எண்ணெய் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை என்று ஆன காலம் அது. ரப்பர் பாலை வாங்க ஆளில்லாமல் காட்டில் பாதி மரத்தை வெட்டி மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தோம். செம்பருத்தி இலையைக் கசக்கித் தலைக்குத் தேய்த்தோம். பேனுக்கு அது விருந்து. லயம் முழுவதும் சொறிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு விஷக் காய்ச்சல் பரவி, தினம் ஒன்று இரண்டு என்று சாவு விழ ஆரம்பித்தது. பேனால்தான் பரவுகிறது என்றார் தோட்டத்து ஆஸ்பத்திரியின் டிரெசர். மருந்து கொடுக்க வேண்டியவர் அவர்தான், ஆனால் அவர் அலமாரியில் அயோடின் பாட்டில்கூடக் காலி. கையில் மருந்து இல்லாதவர் வேறு என்ன செய்வார்? உத்தரவு போட்டார். எட்டு நாள் கழித்துப் பிரட்டுக் களத்தில், காலையில் பேர் கூப்பிடும் அதே இடத்தில், எல்லோர் தலையையும் பார்ப்பார். பேனோ ஈரோ ஒன்று இருந்தாலும் ஆண் பெண் பேதமில்லாமல் மொட்டை. மாட்டேன் என்கிற வீட்டுக்கு அரிசி அளக்க மாட்டார்கள்.

மண்டோர் வீடு வீடாக வந்து இதைச் சொல்லிவிட்டுப் போனதும் அண்ணி அடுப்படியில் போய் உட்கார்ந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "நான் மொட்டை அடிச்சிக்க மாட்டேன் புள்ள. புருஷன் உசுரோட இருக்கையில எவளாச்சும் தலையை மழிப்பாளா? நான் உக்காந்து குடுத்தேன்னு வையி, அவருக்கு நானே கருமாதி செஞ்ச மாதிரி."

அண்ணன் திரும்பி வந்தாரா என்று நீங்கள் கேட்பீர்கள். வந்தார். சண்டை முடிந்து ஐந்தாறு மாதம் கழித்து, ஒரு காது கேட்காமல், கால் முழுக்கப் புண்ணின் தழும்போடு வந்து சேர்ந்தார். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது அவர் கதை இல்லை. ஆனால் அந்த எட்டு நாளில் எங்களுக்கு அது தெரியாது. சயாமிலிருந்து தப்பி வந்த ஒன்றிரண்டு பேர் சொன்னதெல்லாம் சாவுச் செய்திதான். லயத்துப் பெண்கள் அண்ணியைப் பார்க்கும் பார்வையே மாறியிருந்தது. என் அண்ணன் இருக்கிறார் என்று அடித்துச் சொன்ன ஒரே ஆள் அந்த உலகத்தில் அண்ணி மட்டும்தான். அவர் தலையை மழித்துவிட்டால் நானும் நம்ப மாட்டேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பயத்தில்தான் நான் எழுந்தேன். அண்ணி மேல் இரக்கப்பட்டு என்று சொன்னால் பொய்.

வேண்டியது ஒரு பேன் சீப்பு. லயத்துக்கே இருந்தது ஒன்று, அதிலும் பாதிப் பல் போய்விட்டது. பெடாஸ் வரை நடந்து போய்ச் சீனன் கடையில் கேட்டேன். அவர் காலி அலமாரியைக் கையால் காட்டி, "தாடா லா, தங்கச்சி" என்றார். எதுவுமே இல்லாத கடையைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார் பாவம். திரும்பி வந்து வீட்டுக்குள் நுழைந்தபோது சுவரில் அந்த ரம்பம் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு சீப்புதானே, பலகையில் நாற்பது கோடு கிழித்தால் சீப்பு, இதில் என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். எட்டு வருஷமாகப் பால் மரம் வெட்டுகிற கை. பட்டையை நூல் கனத்துக்குச் சீவி எடுக்கும், உள்ளே மரத்தைத் தொடாது. என் வெட்டைப் பார்த்து மண்டோரே குறை சொன்னதில்லை. அந்தத் திமிர்.

முதல் நாளே நான்கு இழை போனது. இழையில் ஒரு பக்கம் பல் இருக்கிறது, அந்தப் பல் ஒரு திசையைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது என்பதே எனக்குத் தெரியவில்லை. தலைகீழாக மாட்டிவிட்டு, அறுக்கவில்லையே என்று பலம் கொடுத்தேன். டிங் என்று ஒரு சத்தம், இழை இரண்டு துண்டு. இன்னும் பலம் கொடுத்தேன், இன்னொரு டிங். நான்காவது ஒடிந்து என் விரலையும் கிழித்த பிறகுதான் ஒரு துண்டை எடுத்து நகத்தால் தடவிப் பார்த்தேன். மேலிருந்து கீழே வருடினால் வழுக்கியது, கீழிருந்து மேலே வருடினால் பிடித்தது. அதாவது பல் கீழே பார்க்கிறபடி மாட்டி, இழுக்கும்போது அறுக்க வேண்டும், தள்ளும்போது சும்மா விட வேண்டும். இதை முதலிலேயே தடவிப் பார்த்திருக்கலாம். கோபக்காரிக்குத் தடவிப் பார்க்கிற புத்தி நாலு இழை போன பிறகுதான் வந்தது.

மிச்சம் எட்டு. வெட்டிப் போட்ட ரப்பர் மரத்துக்குப் பஞ்சமில்லை, அதில் ஒரு சில்லு எடுத்தேன். பலகை அகலமாக இருந்த பக்கத்தில் பல் வெட்டினால் சீப்பு பெரிதாக இருக்கும் என்று, மரத்தின் நாருக்குக் குறுக்கே கோடு கோடாக அறுத்தேன். மூன்று இழையும் ஒன்றரை நாளும் அதற்குப் போயின. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அண்ணியை உட்கார வைத்து உச்சியில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். பொலபொலவென்று பல் அத்தனையும் உதிர்ந்து முடிக்குள் போய் உட்கார்ந்தது. அண்ணி ஒவ்வொன்றாகத் துழாவி எடுத்து மடியில் போட்டுக்கொண்டே, "நல்லா இருக்கு புள்ள. பேனுங்களுக்கு வீடு கட்ட மரம் இல்லாம இருந்துச்சு, நீ கொண்டாந்து எறக்கிட்ட" என்றார். எனக்கு அழுகை வந்தது. அழவில்லை, வெளியே போய்ப் பலகையை அடுப்பில் போட்டேன்.

பல் நாரோடு போக வேண்டும், நாருக்குக் குறுக்கே போகக் கூடாது. விறகு பிளக்கிறவளுக்கு இது தெரியாதா என்ன? தெரியும். விறகில் தெரிந்தது சீப்பில் தெரியவில்லை, அதுதான் வேடிக்கை. அடுத்த பலகையை நாரின் நீளத்துக்கே எடுத்தேன். வாசல் தூணில் நிமிர்த்தி வைத்துக் கட்டி, எதிரே நின்று அறுத்தேன். கை அருமையாக ஓடியது. வேலை செய்கிற மாதிரியே இல்லை, அவ்வளவு லேசு. இரண்டு இழை ஒடிந்ததைத் தவிர ஒரு குறையும் இல்லாமல் முடித்து, கட்டை அவிழ்த்து அண்ணியிடம் நீட்டினேன். அண்ணி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அண்ணன் போன நாளிலிருந்து நான் கேட்காத ஒரு சிரிப்பு சிரித்தார்.

"ஏ புள்ள, சீப்பு வெட்டச் சொன்னா பால் வெட்டி வச்சிருக்கியே! அடியில ஒரு மங்கு கட்டு, வடியும்."

பார்த்தேன். கோடு அத்தனையும் சாய்வு. இடது பக்கம் மேலே, வலது பக்கம் கீழே. பால் வடிந்து அடியில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் விழ, மரத்தில் எந்தச் சாய்வில் வெட்டுவோமோ அதே சாய்வு, அளந்து வைத்த மாதிரி. பன்னிரண்டு வயதிலிருந்து தினமும் முந்நூறு மரத்துக்கு முன்னால் நின்ற உடம்பு, தூணில் கட்டிய பலகையையும் மரம் என்றே எடுத்துக்கொண்டுவிட்டது. என் கையைக் குறை சொல்லவும் முடியவில்லை. அது கற்றுக்கொண்டதைச் சரியாகச் செய்தது. நானும் சிரித்தேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்த வீட்டில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்து முடித்ததும்தான் மிச்சம் மூன்று இழை, மூன்று நாள் என்று இருவருக்கும் ஞாபகம் வந்தது.

அண்ணி எழுந்து உள்ளே போனார். பாராங்கத்தியால் எதையோ வெட்டும் சத்தம் கேட்டது. வரும்போது கையில் ஒரு முழம் கட்டை. அண்ணனுடைய மண்வெட்டியின் பிடி, கொய்யா மரம், வருஷக்கணக்கில் அவர் கை பட்டுக் காய்ந்து கறுத்துப் போயிருந்தது. அண்ணன் சாமான் எதையும் நான் தொட்டாலே முகம் சுளிக்கிறவர் அண்ணி. "ரப்பர் மரம் பச்சை, அதான் ஒடியுது. இது ஒடியாது. அவரு வந்தா வேற பிடி போட்டுக்கட்டும்" என்று என் மடியில் வைத்தார். அதற்குப் பிறகு விளையாட்டில்லை.

பிடியைப் பிளந்து, உடைந்த கண்ணாடியால் சுரண்டிச் சுரண்டிப் பலகை ஆக்கினேன். மூன்று விரல் அகலம்தான் வந்தது. போதும். தென்னை ஈர்க்கை அளவு வைத்து ஊசியால் கோடு கீறினேன். இந்தத் தடவை நிற்கவில்லை. படுக்கிற பலகை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு பலகைக்கும் நடுவில் இருந்த சந்தில் இழை ஏறி இறங்கும்படி கட்டையைப் படுக்க வைத்துக்கொண்டேன். உட்கார்ந்ததும் கை மரத்தை மறந்தது. நின்ற கைக்கு ஒரு பழக்கம், உட்கார்ந்த கைக்கு வேறு பழக்கம் என்று எந்த மண்டோரும் எனக்குச் சொல்லவில்லை. இழை நேராக இறங்கியது. ஆனால் பட்டை சீவிய பழக்கம் முழுக்க வீண் என்றும் சொல்ல மாட்டேன். கோட்டின் அடிக்கு வந்து சேரும்போது, இதோ மரம், இனி தொடாதே என்று கைக்குத் தானாகத் தெரிந்தது. அத்தனை பல்லும் ஒரே ஆழத்தில் நின்றன. எந்தத் தச்சனிடமும் அந்த இடத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பத்துப் பல்லுக்குள் ஒரு இழை ஒடிந்தது. இருபதில் இன்னொன்று. கடைசி இழையை மாட்டும்போது அண்ணி மூச்சு விடுவதுகூட எனக்கு இடைஞ்சலாக இருந்தது, வெளியே போகச் சொல்லிவிட்டேன். ஆறாம் நாள் பொழுது சாய்வதற்குள் சீப்பு முடிந்தது. ஈரச் சாம்பலில் தோய்த்த நூலைப் பல் சந்தில் விட்டு இழுத்து இழுத்துத் தேய்த்தேன். சட்டத்தில் கடைசி இழை ஒடியாமல் நின்றது. நான் சந்தோஷத்தில் கத்திய கத்தலுக்கு, குழந்தை பிறந்துவிட்டதா என்று பக்கத்து வீட்டிலிருந்து யாரோ கேட்டார்கள்.

ஏழாம் நாள் காலை அண்ணியை வெளிச்சத்தில் உட்கார வைத்துச் சீவினேன். பேன் வந்தது. ஈர் வரவில்லை, சந்து வழியே நழுவியது. மறுபடி என் மனசு விட்டுப்போனது. அண்ணி சீப்பை வாங்கினார். தன் சேலைத் தலைப்பில் நூல் பிரித்தார். துணிக்கு அத்தனை பஞ்சமான நாளில் இருந்த ஒரே நல்ல சேலை அது. அந்த நூலைப் பல்லின் அடியில் உள்ளே வெளியே என்று பின்னிக் கட்டினார். அதற்குப் பிறகு ஈர்கூடத் தப்பவில்லை. முழங்கால் வரை முடி, இழை இழையாகப் பிரித்து, காலையில் ஆரம்பித்தது பொழுது சாயும் வரை போனது. நாள் முழுதும் கதவைச் சாத்தி வைத்திருந்தோம். சீப்பு இருக்கிறது என்று தெரிந்தால் லயமே வந்து நிற்கும், எங்களுக்கு நேரம் போதாது என்றுதான் மறைத்தோம். அதைச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

"இப்ப உன் தலை, உக்காரு" என்றார் அண்ணி. வெளிச்சம் போய்விட்டது, விளக்குக்கு எண்ணெய் கிடையாது. "காலையில பாத்துக்கலாம் அண்ணி, எலி வாலுதானே, ஒரு நிமிஷ வேலை" என்றேன். காலையில் நேரமிருக்காது என்று எனக்குத் தெரியும்.

எட்டாம் நாள் பிரட்டு மணி அடித்ததும் களத்தில் வரிசை நின்றது. ஒரு மரத்தடியில் நாவிதர் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் மூன்று பெண்களுக்கு மொட்டை விழுந்தது. மூவரும் சத்தமில்லாமல் அழுதார்கள். நான் அண்ணிக்கு முன்னால் நின்றேன். டிரெசர் என் தலையில் மூங்கில் குச்சியை வைத்த வேகத்திலேயே எடுத்து, மரத்தடியைக் காட்டினார். "புள்ள!" என்று அண்ணி பின்னாலிருந்து என் கையைப் பிடித்தார். "விடுங்க அண்ணி, முருகனுக்கு வேண்டிக்கிட்டேன்னு வச்சிக்குங்க" என்று உதறிவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

பாதித் தலை மழித்திருக்கும்போது அண்ணியின் முறை வந்தது. நான் தலையைத் திருப்பினேன், நாவிதர் திட்டினார். டிரெசர் கொண்டையை அவிழ்க்கச் சொன்னார். முடி விழுந்ததும் வரிசையே எட்டிப் பார்த்தது. உச்சி, காதோரம், பிடரி என்று வகிடு வகிடாகப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தார். எனக்குக் கத்தி எங்கே போகிறது என்பதே தெரியவில்லை.

"ஒன்னுமே இல்லையேம்மா" என்றார் கடைசியில். "இவ்வளவு முடியில எப்படி?"

அண்ணி இடுப்பிலிருந்து சீப்பை எடுத்துக் காட்டினார். "என் நாத்தனா செஞ்சது." டிரெசர் அதை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். எனக்கிருந்த திமிருக்கெல்லாம் அன்றைக்குப் பொருள் கிடைத்தது. அண்ணி அங்கிருந்து நகரவில்லை. "ஐயா, மிச்சம் இருக்கவங்களுக்கு நாலு நாள் குடுங்க. இந்தச் சீப்பு வீடு வீடா போவும். சுடுதண்ணியில போட்டு எடுத்து நானே குடுக்குறேன். நாலு நாள் கழிச்சி ஒரு ஈரு இருந்தாலும் நீங்க சொன்னதைச் செய்யுங்க" என்றார். மண்டோர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டிரெசர் அவரைப் பார்க்காமலே சீப்பைத் திருப்பிக் கொடுத்து, "நாலு நாள்" என்றார். வரிசை முழுதும் ஒரே கூச்சல். மழித்த தலையோடு அழுதுகொண்டிருந்த மூன்று பெண்களில் ஒருத்தி வந்து என் அண்ணியைத் திட்டினாள், முந்தின நாளே கொடுத்திருக்கக் கூடாதா என்று. அண்ணி தலை குனிந்து கேட்டுக்கொண்டார். அவள் கேட்டது நியாயம்.

நாவிதர் கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நாலு நாள் குடுத்துட்டாரே, பாதியில விட்டுடவா?"

"பாதித் தலையோட நான் எந்த ஊருக்குப் போறது? முழுசா முடிங்க" என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் இழந்ததில்லை. அந்த நாலு நாளில் சீப்பு எல்லா வீட்டுக்கும் போய் வந்தது. அதற்கு மேல் ஒரு பெண் தலையிலும் கத்தி படவில்லை.

தலைத்துண்டை மொட்டை மேல் கட்டிக்கொண்டு நான் வீட்டுக்குத் திரும்பினேன். அண்ணி பக்கத்தில் நடந்தார். லயத்து வேலியில் செம்பருத்தி பூத்திருந்தது. அண்ணன் போன பிறகு, யாருக்காக இந்தப் பூ என்று ஒருத்தி கேட்டாள் என்று அண்ணி பூ வைப்பதையே நிறுத்தியிருந்தார். அன்று வேலியோரம் நின்றார். களத்திலிருந்து வரும் பெண்கள் அத்தனை பேரும் பார்க்க ஒரு பூவைப் பறித்தார், அவசரமே இல்லாமல் கொண்டையில் வைத்தார். பிறகு இன்னொன்று பறித்து என்னைப் பார்த்தார். வைக்க இடம் தேடி என் தலையைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் என் தலைத்துண்டின் முடிச்சில் அதைச் செருகி, விழாமல் இருக்கிறதா என்று இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார்.